குட்டையை மூடச் சொன்ன கழுதை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், நரி ஒன்று கரும்பாலை நடத்தி வந்தது. கழுதைகள் வயலிலிருந்து கரும்புக் கட்டுகளைச் சுமந்து வரும். எருமைகள் ஆலையை இழுத்துச் சுற்றிவந்து சாறு பிழியும். நரி என்ன செய்யும் என்கிறீர்களா? கட்டிலில் சாய்ந்துகொண்டு "சீக்கிரம், சீக்கிரம்!" என்று சொல்லும். அதுவும் ஒரு வேலைதானே, குழந்தைகளே!

போன வருஷம் எருமைகள் சங்கம் வைத்தன. மூன்று நாள் ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. நரி வேறு வழியில்லாமல் இறங்கி வந்து, நண்பகலில் ஒரு மணி நேரம் குட்டையில் கிடக்க அவற்றை அனுமதித்தது.

அந்த ஒரு மணி நேரம்தான் பொதியன் என்ற கழுதையின் வயிற்றெரிச்சல். உச்சி வெயிலில் கரும்புக் கட்டைச் சுமந்து குட்டையோரமாகப் போகும்போது, கரியன் என்ற எருமை கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தண்ணீரில் கிடப்பதைப் பார்க்கும். முதுகில் ஒரு கொக்கு வேறு!

"பெரிய மகாராஜா! எனக்கு மட்டும் குளம்பு பொசுங்குது" என்று பல்லைக் கடிக்கும். தின்ற புல்கூட அதற்குச் செரிக்காது.

பொதியனின் மனைவி வெள்ளச்சிக்கு நிறைமாதம். வெயிலில் இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டது. "என்னங்க, மத்தியானம் கொஞ்சம் நிழல்ல நின்னா போதும். குட்டி நல்லபடியா பிறந்துடும்" என்றது.

கழுதைகளும் சங்கம் வைத்தன. பொதியன் தலைவன் ஆனது. 'நண்பகலில் ஒரு மணி நேரம் புளியமர நிழல் வேண்டும்' என்று முடிவு செய்து, கரும்பு வெட்டு மும்முரமாக நடந்த நாளில் எல்லாம் படுத்துவிட்டன. வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் சாறு வற்றிவிடும். இரண்டாம் நாளே நரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

அன்று கரியன் மெல்ல நடந்து வந்தது. "தம்பி, நாங்களும் உங்களோட படுத்துக்கறோம். ரெண்டு கூட்டமும் சேர்ந்து நிறுத்தினா முதலாளி ஒரு நாள்கூடத் தாங்கமாட்டார்" என்றது.

அதன் மேலிருந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. பொதியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குளிச்சுட்டு வந்து எனக்குப் புத்தி சொல்றியா? உன் தயவு ஒண்ணும் வேண்டாம். போய்த் தண்ணியிலயே கிட!"

கரியன் திரும்பிப் போனது. நரி அதைக் கட்டிலிலிருந்தே பார்த்துவிட்டது.

மறுநாள் நண்பகலில் நரியே நேரில் வந்தது. "பொதியா, ஒரே ஒரு கோரிக்கை கேள். சத்தியமா நிறைவேத்தறேன். ஆனா அதுக்கப்புறம் இந்த வருஷம் முழுக்க யாரும் படுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்!" என்றன கழுதைகள்.

அந்த நேரம் பார்த்துக் குட்டையில் எருமைகள் புரண்டன. நரி பெருமூச்சு விட்டது. "ஹும்... சிலருக்கு வாழ்வுதான். உன்னை மாதிரி உழைப்பாளிங்க இப்படி வெயில்ல காயறீங்க."

பொதியனின் காது விடைத்தது. நிழலை மறந்தது, வெள்ளச்சியை மறந்தது. கண்ணில் கரியனின் ஈர முதுகுதான் நின்றது.

"உழைக்கிற இடத்துல ஒருத்தருக்கு மட்டும் சொகுசு கூடாது. அந்தக் குட்டையை மூடுங்க, முதலாளி!"

"ஆகா, என்ன நியாயம்!" என்று நரி துள்ளியது. சாயங்காலத்துக்குள் குட்டையில் மண் விழுந்தது. கழுதைகள் ஆரவாரம் செய்தன.

வெள்ளச்சி மட்டும், "அப்போ நிழல்?" என்றது.

"அடுத்த வருஷம் கேட்டுக்கலாம்" என்றது பொதியன். அன்றைக்குத்தான் அதற்குப் புல் செரித்தது.

இனி தனியாகப் படுத்துப் பயனில்லை என்று எருமைகளுக்குத் தெரியும்; படுப்பதில்லை என்று கழுதைகள்தான் வாக்குக் கொடுத்துவிட்டனவே. பத்தே நாளில் அவை சூடு தாங்காமல் நுரை தள்ளின. ஆலை நின்று நின்று ஓடியது. நரி உடனே நண்பகலில் கழுதைகளை ஆலையில் பூட்டச் சொல்லிவிட்டது. முதல் ஜோடியில் வெள்ளச்சி!

பொதியன் ஓடிப்போய் நரியின் காலில் விழுந்தது. "முதலாளி, இவளை மட்டுமாவது நிழல்ல விடுங்க!"

"ஒருத்தருக்கு மட்டும் சொகுசா?" என்றது நரி. "கூடாதுன்னு நீதானேப்பா சொன்னே? எருமைக்கே இல்லாதது கழுதைக்கு எதுக்கு?"

நான்காவது சுற்றில் வெள்ளச்சி விழுந்தது. கரியன்தான் தள்ளாடி வந்து, தன் உடம்பால் வெயிலை மறைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றது. அந்த நிழலில் குட்டி பிறந்தது. ஆனால் அது கண் திறக்கவில்லை.

பொதியனுக்கு அந்த நிழலுக்குள் கால் வைக்கத் துணிச்சல் வரவில்லை. அது வெயிலிலேயே நின்றது.

நீதி: நமக்கும் வேண்டும் என்று கேட்கத்தான் சங்கம்; அடுத்தவருக்குக் கூடாது என்று கேட்டால் இருவருக்கும் இல்லாமல் போகும்.