ஆறுச்சாமி சகோதரர்கள் வால்வு சீல் மாற்றிய வரலாறு

உலகத்தில் எத்தனையோ லாரிப் பட்டறை இருக்கும். அறிவாளிகள் மட்டுமே வேலை பார்க்கிற பட்டறை ஒன்றுதான் உண்டு. அது பல்லடம் ரோட்டில், என் டயர்க் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. நான் பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிறவன். ஆனால் பாதி நாள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்று, டியூபைத் தண்ணித் தொட்டியில் மறந்துவிடுகிறேன்.

அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் ஆறுச்சாமி, யோசிக்கிறவர். நடுவுள்ளவர் மாரக்குட்டி, அண்ணன் யோசித்தது சரி என்கிறவர். கடைசி வெள்ளியங்கிரி, சரி என்று காதில் விழுந்ததும் செய்து முடித்துவிடுகிறவர். மூவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயசு. இவர்களுக்கு வேலை சொல்கிறவர் நஞ்சப்ப மேஸ்திரி. மேஸ்திரி சொன்னால் சொன்னபடி செய்வார்கள், ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது. அவர்களிடம் இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் அதுதான்.

போன மாதம் சம்பூரணம் அக்கா தன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இருபத்திரண்டு வருசத்து வண்டி. அக்காவேதான் ஓட்டுவார். கோழித்தீவன மில்லுக்கு லோடு அடித்துத்தான் அந்தக் குடும்பத்தில் உலை கொதிக்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் போதும், பின்னால் குப்பென்று நீலப் புகை, ஊரே இருமும். வண்டி ரோட்டில் ஓடத் தகுதி என்று கொடுக்கிற எஃப்.சி. சான்று வேறு முடிகிற நேரம்.

"வியாழக்கிழமை எஃப்.சி., மேஸ்திரி. பிரேக் இன்ஸ்பெக்டர் புகையைப் பாத்தா கையெழுத்துப் போட மாட்டாரு. எஃப்.சி. இல்லாத வண்டிக்கு லோடு இல்லைன்னு மில்லுல சொல்லிப்போட்டாங்க. வெள்ளிக்கிழமையிலிருந்து வேற லாரியாம்" என்றார் அக்கா. எனக்குப் பாவமாக இருந்தது.

மேஸ்திரி புகையை மோந்து பார்த்தார். "எஞ்சின் தங்கமாட்டம் இருக்குது. வால்வு சீல்தான் போச்சு. வால்வுக்கு ஒண்ணுன்னு சின்ன ரப்பர் குல்லா இருக்கும், காஞ்சு வெடிச்சிருக்கும். ராத்திரியெல்லாம் ஆயில் சொட்டுச் சொட்டா உள்ள இறங்குது, காலையில எரியுது. பன்னெண்டு சீல் மாத்துனாச் சரியாப்போகும்" என்றார். அக்காவுக்கு உயிர் வந்தது.

ஆனால் மறுநாள் மேஸ்திரிக்குக் கண்புரை ஆபரேஷன். குனியக் கூடாது, கத்தக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அதனால் போகும் முன்னால் மூன்று பேரையும் நிறுத்தி வேலையைச் சொன்னார்.

"ஒவ்வொரு சிலிண்டராப் பாருங்க. டீசல் பீச்சற நாசில் ஓட்டையில கயித்தை விட்டுப் பிஸ்டனை மேலே கொண்டாங்க, அப்பத்தான் வால்வு உள்ளே விழாது. கயித்து நுனியை ஒருத்தன் பிடிச்சுக்கோணும், விட்டுறக் கூடாது. ஸ்பிரிங்கு, லாக்கு எல்லாம் எதை எங்க கழட்டினீங்களோ அதை அங்கயே மாட்டோணும், ஒண்ணு மாறக் கூடாது. புது சீல் பச்சக் கொழந்தையாட்டம். அடிக்காதீங்க, அமுக்காதீங்க, பத்திரமாப் பாத்துக்கோங்க."

மூவரும் தலையாட்டினார்கள். பழசை எறிந்துவிட்டுப் புதுசைப் போடுங்கள் என்று மேஸ்திரி தனியாகச் சொல்லவில்லை. அதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எந்த மேஸ்திரிக்குத் தோன்றும்?

புதன்கிழமை காலையில் வேலை ஆரம்பமானது. கயிற்று நுனி வெள்ளியங்கிரி கையில். முதல் சிலிண்டர் கழட்டி மாட்டிக் கயிற்றை வெளியே உருவியும் ஆயிற்று. வெள்ளியங்கிரி விடவில்லை. அடுத்த சிலிண்டருக்கு மாரக்குட்டி வேறு கயிறு தேடினார்.

"தம்பி கையில இருக்கறதையே வாங்கி உள்ள விடலாமில்லங்ணா?"

"விட்டுறக் கூடாதுன்னு மேஸ்திரி சொன்னாரல்ல. எப்ப விடறதுன்னு சொன்னாரா?"

"சொல்லலீங்ணா."

"அப்பப் பிடிச்சுக்கட்டும்."

மத்தியானம் வெள்ளியங்கிரி கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டுதான் சோறு தின்றார். கை கழுவப் போனபோதும் கயிறு கூடவே போனது.

இதற்குள் புது சீல்களுக்கும் வழி பண்ணியாயிற்று. எஞ்சின் தூக்குகிற செயின் பிளாக்கில் ஆறுச்சாமியின் துண்டைத் தூளியாகக் கட்டி, பன்னிரண்டையும் அதில் படுக்கவைத்திருந்தார்கள். போகிறபோதும் வருகிறபோதும் மாரக்குட்டி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தேன். தூளிதான்.

பழைய சீல்களைக் கழட்டியதும் மண்ணெண்ணெயில் அலசி, வெயிலில் காயவைத்து, எது எந்தச் சிலிண்டர் என்று தரையில் சாக்பீஸால் நம்பர் போட்டு வரிசையாக வைத்தார்கள். இவ்வளவு பொறுப்பாக ஒரு வேலையைக் கெடுத்து நான் பார்த்ததே இல்லை. அங்கேதான் மாரக்குட்டிக்கு, ஐம்பது வருசத்தில் முதல் தடவையாக, ஒரு சந்தேகம் வந்தது.

"ஏனுங்ணா, பழைய சீலையே மாட்டிட்டா, புது சீல் எதுக்குங்க?"

ஆறுச்சாமி ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"மூணாவது சிலிண்டர்ல என்ன கழட்டினோம்?"

"பழைய சீல்."

"எதைக் கழட்டினோமோ அதை அங்கயே மாட்டோணும். இது மேஸ்திரி வாக்கு. புது சீலை என்ன பண்ணச் சொன்னாரு?"

"பச்சக் கொழந்தையாட்டம் பாத்துக்கச் சொன்னாரு."

"எஞ்சினுக்குள்ள ஆயில் கொதிக்குது. அதுக்குள்ள பச்சக் கொழந்தையைப் போடுவியாடா, பாவி?"

மாரக்குட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரியாமக் கேட்டுட்டனுங்ணா" என்றார். வெள்ளியங்கிரி கயிற்றோடு வந்து மாரக்குட்டியைத் தட்டிக்கொடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ரோட்டைத் தாண்டிப் போய், "அட மகராசனுகளா, புதுசைத்தானப்பா மாட்டோணும்!" என்றேன்.

ஆறுச்சாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "டயர்க்காரரே, உங்க பஞ்சர் வேலையில நாங்க என்னைக்காச்சும் வாய் வெச்சிருக்கமா?" நான் திரும்பி வந்து தண்ணித் தொட்டியில் டியூபைத் தேடினேன்.

வியாழக்கிழமை காலை, சம்பூரணம் அக்கா பேப்பர்களை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு முன்னால் போய்விட்டார். வண்டியை நேரே அங்கே கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஒன்பது மணிக்கு மேஸ்திரி போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"புது சீல் எல்லாம் நல்லா உக்காந்துச்சா?"

"உக்காரலீங்க மேஸ்திரி, படுத்திருக்குதுங்க. நல்ல தூக்கம்" என்றார் ஆறுச்சாமி.

விசயம் முழுக்க வெளியே வர ஐந்து நிமிசம் ஆயிற்று. அப்புறம் மேஸ்திரி போட்ட சத்தத்தில் என் கடை ஷட்டர் அதிர்ந்தது. பின்னால் அவர் சம்சாரம், "கத்தாதீங்க, கண்ணு போயிரும்!" என்று அலறுவதும் கேட்டது.

"இனிக் கழட்டி மாட்ட நேரமில்லடா! நல்லாக் கேட்டுக்கோங்க. முதல் ஸ்டார்ட்டுக்குத்தான் புகை வரும். ரெண்டாவது ஸ்டார்ட்டுக்கு வராது. இன்ஸ்பெக்டர் முதல் ஸ்டார்ட்டைப் பாக்கவே கூடாது, புரிஞ்சுதா?" என்றார். சம்சாரம் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டார்.

மறுபடியும் ஆலோசனை கூடியது.

"முதல் ஸ்டார்ட்டைத்தான் பாக்கக் கூடாது. நாம அதைப் பண்ணவே வேண்டாம்" என்றார் ஆறுச்சாமி.

"சரிங்ணா. நேரா ரெண்டாவதைப் பண்ணிக்கலாம்."

"அதையும் அங்க போய்த்தான் பண்ணோணும். அப்ப வண்டி எப்படிப் போறது?"

"தள்ளலாம்" என்றார் வெள்ளியங்கிரி.

ஆபீஸ் மைதானம் முக்கால் கிலோமீட்டர். ஸ்டியரிங் பிடிக்க ஆளில்லாமல் என்னைக் கூப்பிட்டார்கள். நான் சாவியைத் திருப்பிவிடுவேன் என்று பயந்து, சாவியை ஆறுச்சாமி இடுப்பில் செருகிக்கொண்டார். மூன்று பேரும் பின்னால் கை கொடுத்து, ஏலேலோ போட்டு, ரோட்டில் போகிறவர்களையும் பிடித்து இழுத்து, மணி பன்னிரண்டே முக்காலுக்கு வண்டி மைதானத்தில் போய் நின்றது. வரிசையில் எல்லா வண்டியும் முடிந்து எங்கள் முறைதான் மிச்சம்.

சம்பூரணம் அக்கா ஓடி வந்தார். "ஏனுங்க இது, வண்டி ரிப்பேரா?" என்று நெஞ்சில் கை வைத்தார். நான் பதில் சொல்லும் முன்னால் பிரேக் இன்ஸ்பெக்டர் பேடும் பேனாவுமாக வந்துவிட்டார்.

"வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க."

"முதல் ஸ்டார்ட்டுங்களா, ரெண்டாவதுங்களா?" என்று பணிவாகக் கேட்டார் ஆறுச்சாமி.

"ஏதோ ஒண்ணு பண்ணுய்யா."

"முதல் ஸ்டார்ட் வேண்டாமுங்க, அதுல கோளாறு. நாங்க ரெண்டாவதுல இருந்து ஆரம்பிக்கறமுங்க."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "முதலாவது இல்லாம ரெண்டாவது எப்படிய்யா வரும்?"

"அதைத்தானுங்க சார் காலையில இருந்து யோசிச்சுட்டு வாறோம்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அவ்வளவுதான், நாளையிலிருந்து வேற லாரி என்று நினைத்தேன். ஆனால் அக்கா சுதாரித்துக்கொண்டார்.

"சார், மணி ஒண்ணாச்சு. நீங்க நிம்மதியாச் சாப்பிட்டு வாங்க. அதுக்குள்ள இவங்க யோசிச்சு முடிச்சிருவாங்க."

இவர்களிடமிருந்து தப்பித்தால் போதும் என்று இன்ஸ்பெக்டர் விறுவிறுவென்று நடந்தார். அவர் தலை மறைந்ததும் அக்கா ஆறுச்சாமியின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கி, ஏறி, திருப்பினார். குப்பென்று நீலப் புகை. வேப்ப மரத்துக் காக்கா எல்லாம் பறந்து போயின. மூன்று அண்ணன் தம்பிகளும், "போச்சு, போச்சு, முதலாவதைப் பண்ணிட்டாங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். அக்கா காதில் வாங்கவில்லை. அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார். புகை மெலிந்தது, நின்றது. அணைத்து மறுபடி போட்டார். சுத்தம்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து ஆறுச்சாமி நிற்கிற பக்கமே பார்க்காமல் வேலையை முடித்தார். புகைக் குழாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அக்கா அந்தப் பேப்பரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதேவிட்டார்.

"இப்பவே மில்லுக்குப் போய்க் காட்டிட்டு லோடைப் பிடிக்கோணும், வாங்க டயர்க்காரரே" என்று என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சந்தை நாள், ரோடெல்லாம் கூட்டம், வண்டி ஊர்ந்துதான் போனது. பாதி வழியில் கண்ணாடியில் பார்த்தேன். லாரியின் பின்கதவில் ஆறு கை. மூன்று பேரும் வியர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டே ஓடி வருகிறார்கள்.

மில் வாசலில் அக்கா வண்டியை நிறுத்தினார். ஆறுச்சாமி மூச்சு வாங்க முன்னால் வந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அக்கா, காலையில தள்ளறப்ப உசிரே போச்சு. இப்பப் பாருங்க, கை வெச்சாலே பஞ்சாட்டம் ஓடுது. பழைய சீலுன்னாலும், மாட்டறவன் மாட்டுனா அப்படித்தானுங்க!"