வடம் பிடித்தவர் வாய் மூடக்கூடாது

சண்முகவடிவுக்குப் பொய் சொல்கிறவர்களைக் கண்டால் ஆகாது. மாவு மில் நடத்துகிறவளுக்கு அது தொழிலோடு வந்த குணம். அரிசி நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று யாராவது பொய் சொல்லி ஈர அரிசியைக் கொட்டிவிட்டால் மிஷின் அடைத்துக்கொண்டு அன்றைய பிழைப்பே போய்விடும். அப்படிப்பட்டவள், கடையநல்லூர்ப் பக்கத்திலேயே பெரிய புளுகன் என்று பெயர் வாங்கிய ஆவுடையப்பன் கையில் தன் மில் கூரையை ஒப்படைத்துவிட்டு நின்றாள். விதி என்றுதான் சொல்ல வேண்டும்.

மில்லுக்குப் பின்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம். பாதி பட்டுப்போயிருந்தது. அதன் தடித்த கொப்பு ஒன்று புதிதாகப் போட்ட ஷீட்டுக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அடுத்த வாரம் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. ஊர் அரிசி முழுக்க இந்த மில்லில்தான் மாவாக வேண்டும். கொப்பு விழுந்தால் ஷீட்டும் போகும், கீழே இருக்கிற மிஷினும் போகும். கிரேனைக் கூப்பிட்டால் அது சந்து முனையிலேயே நின்று திரும்பிப் போய்விட்டது. மிச்சம் ஆவுடையப்பனும் அவன் மச்சான் மாசானமும்தான்.

அவர்கள் வேலை வெட்டித் தள்ளுவதில்லை, கட்டி இறக்குவது. கொப்பில் வடத்தைக் கட்டி, மேல்கவையில் தொங்கும் கப்பியில் ஓட்டி, கீழே கொண்டுவந்து பக்கத்தில் நிற்கிற வேப்பமரத்து அடியில் மூன்று சுற்றுச் சுற்றி, வாலை ஆவுடையப்பன் பிடித்துக்கொள்வான். அந்த மூன்று சுற்றுதான் கனத்தைத் தாங்கும்; கை சும்மா விட்டுக்கொடுத்தால் போதும். மாசானம் மேலே உட்கார்ந்து கைரம்பத்தால் அறுப்பான். இலை மறைப்பதால் அவனுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. முன்னொரு காலத்தில் வடம் பிடித்தவன் ஒருவன் "பிடிச்சிருக்கேன்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டானாம். அன்றிலிருந்து அவர்களுக்கு ஒரே சட்டம்: வாலைப் பிடித்தவர் ஓயாமல் பேச வேண்டும். பேச்சு நின்றால் ரம்பமும் நிற்கும்.

ஆவுடையப்பனுக்கு இது கரும்பு தின்னக் கூலி.

"குத்தாலத்துல ஒரு பலா," என்று ஆரம்பித்தான். "கொப்புல காக்கா கூடு. காக்கா அடையில இருக்கு. எழுந்திரிக்காம இறக்கணும்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. இறக்கினேன் பாருங்க. கொப்பு தரையைத் தொடும்போது குஞ்சு பொரிச்சு, ரெக்கை முளைச்சு, பறந்து போயிட்டு. தாய்க்காக்கா அப்பவும் மரத்துலதான் இருக்கோம்னு நினைச்சிட்டு இருக்கு."

மாவரைக்க வந்து, தூக்குவாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்த சொரிமுத்து விடவில்லை. "குஞ்சு பறக்குற வரைக்கும் இறக்கினீரா? சாப்பாடு தண்ணியெல்லாம்?"

"காக்காதான் கொண்டுவந்து ஊட்டுச்சு. அதுக்குக் குஞ்சும் நானும் ஒரே மாதிரி பிள்ளைதானவே."

சண்முகவடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணாச்சி, கொஞ்சம் வாயை மூடிட்டு வேலையப் பாருங்க."

அவன் மரியாதையாக மூடிக்கொண்டான். மேலே ரம்பமும் நின்றது. கொப்பு லேசாக ஆடியது. அவள் கூரையைப் பார்த்தாள், கொப்பைப் பார்த்தாள். மானத்தைவிட மில் பெரிது.

"சரி, சொல்லித் தொலைங்க," என்றாள்.

"புளியரையில ஒரு மாமரம்," என்றான் ஆவுடையப்பன், விட்ட இடம் தெரியாமல் தொடர்ந்து. "ஒரு காய் உதிரக்கூடாதுன்னு உத்தரவு. முழு மரத்தையும் அப்படியே நிறுத்தினாப்புல லாரியில இறக்கிட்டோம். வெட்டுப்பட்ட சங்கதியே மரத்துக்குத் தெரியல. சங்கரன்கோவில் தாண்டும்போது பூத்துட்டு. ராஜபாளையத்துல பிஞ்சு. மதுரைக்குப் போனா, டிரைவர் தலைமேல பழம் விழுது. திரும்பி வரும்போது அடுத்த காய்ப்பு."

"அப்போ ஏம்வே இறக்கினீரு? லாரியிலேயே தோப்பு வைச்சிருக்கலாமே," என்றான் சொரிமுத்து.

"வைச்சோமே. வழியில பாலம் தாழ்வா இருந்ததுல அந்தத் தொழில் நிலைக்கலை."

ரம்பம் உற்சாகமாக ஓடியது. மரத்தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. அறுப்பு பாதியைத் தாண்டிவிட்டது என்று ஆவுடையப்பன் கண்ணைக் காட்டினான். இனிமேல்தான் ஆபத்து. இப்போது நிறுத்தினால் கொப்பு தன் கனத்திலேயே பட்டையோடு கிழிந்து, ஒரு பக்கமாகத் திரும்பிக் கூரைமேல் போய் உட்காரும். சண்முகவடிவு சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டாள். வாய்விட்டு வேண்டிக்கொள்ளவும் பயமாக இருந்தது.

"இதெல்லாம் ஜுஜுபி," என்றான் அவன். "பாபநாசத்து மலையில ஒரு கோங்கு மரம். உச்சி தெரியாது. கப்பி கட்டணும்னா அதைவிட ஒசந்த இடம் வேணும்லா? எங்க போக? மேகத்துல கட்டினேன்."

"மேகத்துலயா?" என்றான் சொரிமுத்து.

"கார்மேகம். வெள்ளை மேகம் கனம் தாங்காது. அது தொழில் தெரிஞ்சவனுக்குத்தான் தெரியும். மரம் பாதி இறங்குது, மேகம் மழையா பெய்ய ஆரம்பிச்சிட்டு. கட்டின இடமே கரையுது. மாசானம் என்ன செஞ்சான், பக்கத்து மேகத்துக்கு ஒரே தாவு..."

இந்தத் தாவலைக் கண்ணால் காட்டுகிறவன் மாதிரி அவன் அண்ணாந்தான். வாய் அகலத் திறந்திருந்தது. மேலேயிருந்து ஒரு கை மரத்தூள் நேராகத் தொண்டையில் இறங்கியது.

இருமல் என்றால் அப்படி ஓர் இருமல். முகம் சிவந்து, கண் பிதுங்கி, ஆள் இரண்டாக மடிந்துவிட்டான். ரம்பம் நின்றது. கொப்பில் 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"ஆவுடை," என்று மேலேயிருந்து குரல். "வடம் இருக்கா? யாரு பிடிச்சிருக்கா?"

ஆவுடையப்பன் இருமிக்கொண்டே வடத்தின் வாலைச் சண்முகவடிவு கையில் திணித்தான். வாயைக் காட்டினான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நாந்தான் பிடிச்சிருக்கேன், சம்முவடிவு."

"பேசுங்க."

"என்னத்த பேச?"

"எதையாவது. நிறுத்திராதீங்க."

அவள் உண்மையை எடுத்தாள். மில்லை மாமனார் ஆரம்பித்தது, மோட்டார் கோயம்புத்தூரில் வாங்கியது, பச்சரிசிக்கு ஒரு பதம், புழுங்கலுக்கு ஒரு பதம். ரம்பம் ஓடியது. ஆனால் உண்மை எவ்வளவு தூரம் வரும்? நாலு மூச்சில் தீர்ந்துபோனது. அவள் திணறினாள். ரம்பமும் திணறியது. மறுபடி 'நறுக்'.

"மோட்டார் பெல்ட்டு," என்றாள் அவசரமாக. "பெல்ட்டு ஒருநாள் கழண்டு ஓடிட்டு. ரோட்டோட ஓடுச்சு. தென்காசி தாண்டிச்சு. போயி குத்தாலத்து மலையில மாட்டிக்கிட்டு."

ரம்பம் ஓடியது.

"மோட்டார் நிக்கலையே. மலை சுத்த ஆரம்பிச்சிட்டு. மில்லுக் கல்லு மாதிரி சுத்துது. மலைமேல இருந்த அரிசியெல்லாம் அரைபட்டு மாவா கொட்டுது. அருவி வெள்ளையா விழுதே, தண்ணின்னா நினைச்சிய? அன்னைக்கு அரைச்ச மாவு, இன்னும் தீரல."

சொரிமுத்து வாளியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். சண்முகவடிவுக்குத் தன் குரல் தனக்கே பிடித்துப்போனது. இத்தனை வருஷம் இந்தச் சுகத்தை விட்டுவிட்டோமே என்றிருந்தது.

"மலை சுத்தினா அடிவாரம் சும்மா இருக்குமா? நம்ம தெருவும் சேர்ந்து சுத்திப்போச்சு. மத்தியானம் பாத்தா ஊர் கேரளாவுல இருக்கு. எல்லாரும் மலையாளம் பேசுதோம். என் மாமியாரை நான் மலையாளத்துலதான் ஏசினேன். அவ்வோளும் மலையாளத்துலயே திருப்பி ஏசினாவோ. சாயங்காலம் கரெண்டு போன பிறகுதான் மலை நின்னு, ஊர் பழைய இடத்துக்கு வந்துது."

மேலே கொப்பு விட்டது. வடம் விண்ணென்று இறுகியது. வேப்பமரத்துச் சுற்று கிறீச்சிட்டது. ஆவுடையப்பன் கையால் சைகை காட்டக் காட்ட, அவள் வடத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தாள். கொப்பு ஷீட்டுக்கு ஒரு சாண் மேலாக நகர்ந்து, கூரை ஓரத்தைத் தாண்டி, முற்றத்தில் மெல்லப் படுத்துக்கொண்டது. கூரையில் ஒரு கீறல் இல்லை. சண்முகவடிவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மாசானம் இறங்கி வந்தான். அவளைப் பார்த்து மரியாதையாகத் தலைத்துண்டை அவிழ்த்தான். இதுவரை மச்சானிடம் அவன் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

ஆவுடையப்பன் ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டான். முகம் தொங்கியிருந்தது.

"கூரை தப்பிச்சுது, சந்தோசம்," என்றான். "ஆனா அக்கா, பேச்சுன்னா ஒரு அளவு வேணும். மலை சுத்துச்சு, ஊர் கேரளாவுக்குப் போச்சுன்னா யாரு நம்புவா? நானும் இந்தப் பக்கத்துக்காரந்தான். அப்படி ஒரு சங்கதி நடக்கவே இல்லை."

சண்முகவடிவு உள்ளங்கையில் ஒட்டியிருந்த நாரை ஊதிவிட்டாள்.

"உங்களுக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? நீங்க அன்னைக்குத் தமிழ்நாட்டுல இருந்திய."