சொல்லிக்கொள்ளாமல்

மாதம் முழுக்க நாள் தவறாமல் எழுதி, மாதக் கடைசியில் ஒரு புத்தகத்தோடு எழுந்திருக்க வேண்டும் என்று ஒரு போட்டி. சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் நாவல்காரர்கள். அவர்களுக்கென்ன, வீட்டில் உட்கார்ந்தபடியே ராஜாவைக் கொல்வார்கள். மறுநாள் மனசு கேட்காவிட்டால் எழுப்பியும் விடுவார்கள். கோதை ஒருத்திதான், நடந்ததை மட்டும் எழுதுவேன் என்று சொல்லி மாட்டிக்கொண்டாள்.

நடந்தது ஒரு பட்டாசு ஆலை வெடிவிபத்து. செத்தவர்களில் ஒருத்தி முனீஸ்வரி. அவளுடைய அம்மா சீனியம்மாள் சாத்தூர்ப் பக்கம் ஒரு காலனி வீட்டில் தனியாக இருந்தாள். நடந்ததைக் கற்பனையில் கறக்க முடியாதே. அன்றன்றைக்கு எழுத அன்றன்றைக்குப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. கோதை தினமும் பஸ் ஏறினாள்.

முதலில் சீனியம்மாள் வாயே திறக்கவில்லை. நாலைந்து நாள் போனபின், "தலைய என்ன இப்படிப் பரட்டையாப் போட்டுக்கிட்டு அலையிற? இங்க உக்காரு" என்றாள். எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்னினாள். பின்னும்போதுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. அதற்குப் பிறகு கோதை வேண்டுமென்றே தலைவாராமல் போனாள்.

எழவு வீட்டில் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாது. அது ஊரறிந்த வழக்கம். பேச்சு முடிந்ததும் கோதை சத்தமில்லாமல் எழுந்து வந்துவிடுவாள்.

மாதம் முடிந்தது. புத்தகமும் முடிந்தது. கோதை போவதை நிறுத்தினாள்.

சில நாள் கழித்து, எழுதிய தாள்களோடு வடிவு டீச்சரிடம் வந்தாள். டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர் இல்லை. ஒரே ஒரு புத்தகம் எழுதியவர், அதில் ஒரு பொய் கிடையாது. கோதையைவிட இரண்டு வயது சின்னவர்தான். எழுதக் கற்றுக்கொடுத்ததால் டீச்சர்.

"எல்லாம் வந்துருச்சு டீச்சர். முடிவு மட்டும் உக்கார மாட்டேங்குது. என்ன பண்ண?"

டீச்சர் புரட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"'அன்னைக்குக் காலையில எம் மக சொல்லிக்காமப் போயிட்டா.' இது அந்தம்மா சொன்னதா?"

"ஆமா டீச்சர். ஆலை வண்டி வந்துருச்சுன்னு அவ ஓடியிருக்கா. போட்டியில எல்லாரும் பாராட்டினது இந்த வரியத்தான்."

"கடைசி நாள் நீ என்ன சொல்லிட்டு வந்த?"

"எழவு வீடாச்சே. சொல்லிக்காமத்தான் வந்தேன்."

"முந்தின நாள்?"

"அன்னைக்கும் அப்படித்தான். தினமும் அப்படித்தான்."

டீச்சர் தாள்களை மூடி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"வா. அந்த வீட்டுக்குப் போவோம்."

சீனியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணமும் சீப்பும் இருந்தன. கோதையைக் கண்டதும் அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. எழுந்து வந்து கோதையின் முகத்தை, தோளை, கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒனக்கு ஒண்ணும் ஆகலியே தாயி? ஒண்ணும் ஆகலியே?"

"இல்லம்மா."

"பஸ்ஸு சத்தம் கேக்கையில எல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தேன். நீ இறங்கல. யாருகிட்டப் போய்க் கேப்பேன்? ஒம் பேரத் தவிர எனக்கு என்ன தெரியும்?"

முனீஸ்வரிக்குப் பால்பல் விழுந்த கதைவரை இவளிடம் கேட்டு எழுதிய கோதை, தன் ஊர் எது என்றுகூட இவளிடம் சொன்னதில்லை.

சீனியம்மாள் அவளை உட்காரவைத்துப் பின்னத் தொடங்கினாள். இன்றைக்குப் பேசவில்லை. கோதையும் எதுவும் கேட்கவில்லை. டீச்சர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

பொழுது சாய்ந்தது. கோதை எழுந்தாள். பழக்கம் விடுமா? வாய் திறக்காமல் தெருவில் இறங்கி நடந்தாள். டீச்சர் பின்னாலேயே வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சொல்லிட்டு வா."

"எழவு வீட்டுல சொல்லிக்கக் கூடாது டீச்சர்."

"துட்டி கேக்க வந்தவ சொல்லிக்கக் கூடாது. நீ தலை பின்னிக்கிட்டவ."

கோதை திரும்பிப் பார்த்தாள். சீனியம்மாள் சீப்பில் சிக்கிய முடியை எடுத்து விரலில் சுருட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"போயிட்டு வாரேன்னு சொன்னா..." என்று இழுத்தாள் கோதை. "அப்புறம் வரணுமே டீச்சர்."

"ஆமா" என்றார் டீச்சர். "வரணும்."