மங்கை தையல் பரீட்சைக்குப் போன நாள்

மண்ணக்கம்பட்டி என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரரிடம் "கொஞ்சம் நில்லுங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனால், நீங்கள் திரும்பி வருகிறவரை நின்ற இடத்திலேயே நிற்பார். நீங்கள் மறந்துவிட்டால் அவர் வீட்டில்தான் தேடுவார்கள்.

அந்த ஊரில் அங்கமுத்து, செவந்திலிங்கம், மருதை என்று அண்ணன் தம்பிகள் மூவர் ஒரே வீட்டில் இருந்தார்கள். மூத்தவர் அங்கமுத்துவைப் பெண் பார்க்கக் கூட்டிப் போனபோது, "பொண்ணை நல்லாப் பாத்துக்கோங்க" என்றார்கள். நன்றாகப் பார்த்தார், எழுந்து வந்துவிட்டார். அதோடு சரி. நடுவில் பிறந்த செவந்திலிங்கத்துக்குத்தான் கல்யாணம் ஆனது. மனைவி மங்கை வேறு ஊர்ப் பெண். அதனால் வீட்டில் ஒருவருக்காவது விவரம் இருந்தது.

மூத்த மகள் அல்லிக்கு நாலு வயது. அவளுக்கு அடுத்து ஒரே பிரசவத்தில் இரண்டு பையன்கள். சேரன், சோழன் என்று பெயர் வைத்தார்கள். வைத்து முடித்ததும் பாண்டியன் எங்கே என்று அண்ணன் தம்பிகள் மூவரும் கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் என்றால் மூவருக்கும் உயிர். சேரன் பெரியப்பாவின் மீசையில் ஒரு பக்கம் பிடித்து இழுத்தால், சோழன் மறுபக்கம் பிடித்து இழுப்பான். "பாத்தியா, ஒரு பக்கமா இழுத்தா கோணிக்கும்னு எட்டு மாசத்துலயே தெரியுது" என்று அங்கமுத்து கண்ணில் நீர் வழியச் சந்தோஷப்படுவார்.

மங்கைக்கு அன்று டவுனில் தையல் பரீட்சை. மடியில் ஒருத்தன், தோளில் ஒருத்தன் என்று வைத்துக்கொண்டே படித்த படிப்பு. அன்றைக்கு விட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். துணைக்கு வருவதாகச் சொன்ன அவள் தங்கைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வேறு வழியில்லை. பேருந்துப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு மூவருக்கும் சொன்னாள்:

"என்னங்க, புள்ளைங்க மேல ஒரு கண்ணு வச்சுக்கோங்க. கையில கிடைக்கறதை எல்லாம் வாயில போடுவானுங்க, எதையும் போட விடாதீங்க. பத்து மணிக்குப் பாலை ஆத்திக் குடுங்க. அல்லிக்குக் காக்காயைக் காட்டிச் சோறு ஊட்டுங்க. சின்னவனுங்க அழுதா லேசாத் தட்டிக் குடுங்க, தூங்கிருவானுங்க. மாமா, நீங்கதான் இவங்களைப் பாத்துக்கணும்!"

"நீ நிம்மதியாப் போ தாயி" என்றார் அங்கமுத்து. நடத்துனர் விசில் அடித்தார். மங்கையின் நிம்மதி அந்த நொடியோடு போனது.

வீட்டுக்கு வந்ததும் மூவரும் பாய் விரித்து இரட்டையரைப் படுக்க வைத்தார்கள். ஆளுக்கு ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மறு கண்ணைப் பிள்ளைகள் மேல் வைத்தார்கள்.

"நான் மறந்துபோய் ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டேண்ணே" என்றான் மருதை.

"ஒரு தடவைதானே, பரவாயில்லை. மங்கைகிட்டச் சொல்லிக்காதே" என்றார் அங்கமுத்து.

அப்போது பக்கத்து வீட்டு ராக்கம்மா தயிர் கொடுக்க வந்தாள். மூன்று ஆண்கள் ஒற்றைக் கண்ணால் குழந்தைகளை முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அலறினாள். "யோவ், பச்சைப் புள்ளைங்க மேல இப்படிக் கண்ணு வைக்காதீங்கய்யா, ஆகாது!"

அவள் போனதும் ஆலோசனை நடந்தது.

"பெத்தவ வைக்கச் சொல்றா. ராக்கம்மா வைக்காதேங்கறா" என்றார் செவந்திலிங்கம்.

"ரெண்டு பேர் பேச்சையும் தட்ட முடியாது" என்றார் அங்கமுத்து.

மருதை வெகுநேரம் யோசித்தான். "கண்ணைக் கண்ணாடி மேல வைப்போம்ணே. புள்ளைங்க அதுக்குள்ள இருக்கட்டும்."

நல்ல யோசனை. பெரிய நிலைக்கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்து வைத்து, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் செவந்திலிங்கம் திரும்பிப் பார்த்தார். பாயில் இரண்டு குழந்தைகள். கண்ணாடியில் இரண்டு குழந்தைகள். அவருக்கு வேர்த்துவிட்டது.

"அண்ணே, நாலு ஆயிடுச்சு! மங்கைக்கு என்ன பதில் சொல்றது? பால் ரெண்டு பேருக்குத்தானே இருக்கு?"

அங்கமுத்து கண்ணாடியைக் கூர்ந்து பார்த்தார். "பதறாதே. அங்கேயும் மூணு ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க பாரு. அவங்க புள்ளைங்களை அவங்க பாத்துக்குவாங்க."

"நல்லவங்களாத்தான் தெரியறாங்க. மூஞ்சியிலதான் கொஞ்சம் விவரம் பத்தலை" என்றான் மருதை. மூவரும் மரியாதைக்கு அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவர்களும் கும்பிட்டார்கள்.

பத்து மணி அடித்தது. மங்கை காய்ச்சி வைத்த பால் சூடாக இருந்தது.

"ஆத்திக் குடுக்கச் சொன்னா. ஆத்துக்கு எடுத்துட்டுப் போய்க் குடுக்கணும்" என்று அங்கமுத்து தீர்ப்புச் சொன்னார்.

"ஆறு ஒரு மைல் ஆச்சே அண்ணே?"

"புள்ளை வளக்கறதுன்னா சும்மாவா?"

தூக்குவாளியில் பால், தோளுக்கு ஒரு குழந்தை, முன்னால் குதித்தபடி அல்லி என்று ஊர்வலம் கிளம்பியது. ஆற்றில் தண்ணீர் இல்லை. புங்கமர நிழலில் குளுகுளுவென்று மணல்தான். மணலைக் கண்டதும் சேரனும் சோழனும் காலை உதைத்துச் சிரித்தார்கள். ஒரு மைல் நடந்ததில் பாலும் பதமாக ஆறியிருந்தது. ஊட்டுவதற்காகச் செவந்திலிங்கம் பாலாடையில் பாலை எடுத்துச் சேரனின் வாயருகே கொண்டு போனார்.

"நிறுத்து!" என்று கத்தினார் அங்கமுத்து. "வாயில எதையும் போட விடாதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

செவந்திலிங்கத்தின் கை அந்தரத்தில் நின்றது. சேரன் ஆவென்று வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். திறந்த வாய்க்கு எதிரே மூவரும் செய்வதறியாமல் உட்கார்ந்திருந்தார்கள். காது வழியாகக் கொடுக்கலாமா என்று மருதை கேட்டான். அது மங்கையைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று மூத்தவர் மறுத்துவிட்டார். சேரனுக்கு உதடு பிதுங்கியது. பசி தாங்காமல் வீறிட்டான். கூடவே சோழனும். பிள்ளைகள் பட்டினி கிடப்பதைப் பார்த்துச் செவந்திலிங்கத்துக்கும் அழுகை வந்துவிட்டது.

மணலில் கோபுரம் கட்டிக்கொண்டிருந்த அல்லி நிமிர்ந்தாள். "பெரியப்பா, பாலை யாராவது போடுவாங்களா? ஊத்தத்தானே செய்வாங்க?"

"ஊத்தக் கூடாதுன்னு அவ சொல்லவே இல்லையே!" என்றார் அங்கமுத்து. இரட்டையர் மடக் மடக்கென்று குடித்துவிட்டு, ஒரே நேரத்தில் ஏப்பம் விட்டார்கள். அதைக் கேட்டு மூவரும் கைதட்டினார்கள்.

குடித்து முடித்த கையோடு சேரன் ஒரு பிடி மணலை அள்ளினான். மணல் ஊற்றுகிற பொருள் இல்லை என்று மருதை உடனே கண்டுபிடித்து அவன் கைகளைப் பிடித்துக்கொண்டான். செவந்திலிங்கம் சோழனின் கைகளைப் பிடித்துக்கொண்டார். கை போனால் என்ன? பையன்கள் இருவரும் குனிந்து மணலை நேராகவே நக்கப் பார்த்தார்கள். அதற்குமேல் அங்கே இருக்க முடியாமல் குடும்பம் வீடு திரும்பியது.

மதியம் அல்லிக்குப் பருப்புச் சோறு பிசைந்தார்கள். காக்காயைக் காட்ட வேண்டுமே! அன்றைக்கென்று ஊர்க் காக்காய்கள் அத்தனையும் பக்கத்து ஊர்க் கல்யாண விருந்துக்குப் போயிருந்தன. ஒன்றுகூட இல்லை.

"சொன்னதைச் செய்யாம விட்டா மங்கை நம்மளை நம்பவே மாட்டா" என்று செவந்திலிங்கம் கலங்கினார். அங்கமுத்து தோசைக்கல்லின் அடிக்கரியைச் சுரண்டி எடுத்தார். கடைசித் தம்பி என்பதால் மருதை காக்காயானான். தலைமுதல் கால்வரை கரியைப் பூசிக்கொண்டு மதில்மேல் குந்தி "கா! கா!" என்று கத்தினான்.

"காக்கா ஏன் பெரியப்பா லுங்கி கட்டியிருக்கு?" என்றாள் அல்லி.

"வெக்கப்படுற காக்கா" என்றார் அங்கமுத்து.

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு வாய். தட்டு காலி. பாயில் கவிழ்ந்து கிடந்த சேரன் தலையைத் தூக்கி, மதிலைப் பார்த்து, "கா!" என்றான். அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல்!

"என்னைத்தான் கூப்பிட்டான்" என்று மதில்மேல் இருந்தபடி மருதை தேம்பினான்.

"இல்லைடா. 'கா'ன்னா காப்பாத்துன்னு அர்த்தம். யாரோ அவனைப் பயமுறுத்தறாங்க" என்றார் அங்கமுத்து. மூவரும் யாரென்று சுற்றிப் பார்த்தார்கள். அதற்குள் சோழனும் "கா!" என்றான். இருவரும் ஒரே மாதிரி சொல்வதால் விஷயம் உண்மைதான் என்று முடிவாகி, வாசல் கதவைத் தாழ் போட்டார்கள்.

மருதை குளிக்கப் போனான். கொல்லையில் இரண்டு பக்கம் சுவர், இரண்டு பக்கம் கீற்றுத் தட்டி. அதுதான் குளிக்கும் இடம். அவன் முகத்துக்குச் சோப்புப் போடுகிற நேரம் பார்த்துத் தூக்கம் வந்து இரட்டையர் அழத் தொடங்கினார்கள்.

"அழுதா என்ன செய்யச் சொன்னா?" என்றார் செவந்திலிங்கம்.

"லேசாத் தட்டிக் குடுக்கச் சொன்னா. லேசான தட்டி எங்கே இருக்கு?"

வீட்டில் லேசான தட்டி கொல்லையில் மட்டும்தான் இருந்தது. ஒன்றைக் கொடுத்தால் இன்னொருத்தன் மனசு நோகும் என்று, அண்ணனும் தம்பியும் போய் இரண்டையும் அவிழ்த்துத் தூக்கி வந்தார்கள். கண்ணில் சோப்போடு நின்ற மருதைக்கு, திடீரென்று காற்று நன்றாக வருகிறதே என்று மட்டும்தான் தோன்றியது. தயிர்க் கிண்ணத்தைத் திருப்பி வாங்கக் கொல்லைப் பக்கமாக வந்த ராக்கம்மா, பாதி கறுப்பும் பாதி நுரையுமாக நின்ற ஓர் உருவத்தைப் பார்த்தாள். கிண்ணம் இன்றுவரை அந்த வீட்டில்தான் இருக்கிறது.

ஆளுக்கு ஒரு தட்டி கிடைத்ததும் சேரனும் சோழனும் அழுகையை நிறுத்தினார்கள். விரலால் சுரண்டினால் சரசரவென்று சத்தம் வந்தது. சுரண்டிச் சுரண்டி, சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, கன்னத்தைக் கீற்றில் வைத்தபடி அப்படியே தூங்கிப் போனார்கள்.

"எவ்வளவு அனுபவம் இருந்தா மங்கை இதைச் சொல்லியிருப்பா!" என்று அங்கமுத்து வியந்தார்.

நாலரை மணிப் பேருந்தில் மங்கை வந்து இறங்கினாள். மூன்று மணி நேரத்தில் தைக்க வேண்டிய ரவிக்கையை, வீட்டு ஞாபகத்தில் ஒன்றரை மணி நேரத்தில் தைத்துக் கொடுத்துவிட்டாள். "இவ்வளவு வேகமா, இவ்வளவு சுத்தமா!" என்று பரீட்சைக்கு வந்த அம்மாள் பாராட்டியதைக்கூட அவள் காதில் வாங்கவில்லை. வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து, தாழ் போட்ட கதவைத் தட்டி, திறந்ததும் உள்ளே பாய்ந்தாள்.

பிள்ளைகள் இருவரும் தூக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முழங்காலில் மட்டும் கொஞ்சம் மணல். அல்லி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சித்தப்பாவின் காதில் மிச்சமிருந்த கரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மங்கைக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. "என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

மூவரும் மாறி மாறிச் சொன்னார்கள். ஒற்றைக் கண், கண்ணாடிக் குடும்பம், ஆற்றங்கரை, மதில், கொல்லை எதையும் விடவில்லை. மங்கை முதலில் தலையில் கை வைத்தாள். பிறகு வாயைப் பொத்தினாள். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "கா" என்ற இடத்தில் இரண்டு பையன்களையும் வாரி எடுத்து முத்தம் கொடுத்தாள். கொல்லை என்ற இடத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ போதும்! இதுக்கு மேல முடியாது, வயிறு வலிக்குது!"

மூவரின் முகமும் மாறியது.

"போன தடவையும் இதேதான் சொன்னா. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு வந்துச்சு" என்றார் செவந்திலிங்கம்.

மங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சிரிப்பில் பேச்சு வரவில்லை. அதற்குள் மருதை ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினான். அங்கமுத்து பிளாஸ்க்கை எடுத்தார். செவந்திலிங்கம் பழைய வேட்டியை எடுத்தார். மூவரும் ஏறி உட்கார்ந்து, "பெரியாஸ்பத்திரி, சீக்கிரம்!" என்றார்கள். ஆட்டோ பறந்தது. வாசலில் மங்கை இடுப்புக்கு ஒரு பிள்ளையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

குண்டும் குழியுமான ரோடு. நடுவில் நெருக்கி உட்கார்ந்த மருதைதான் அதிகம் அடிபட்டான்.

பிரசவ வார்டு வாசலில் மூச்சிரைக்க வந்து நின்ற மூவரையும் நர்ஸம்மா மேலும் கீழும் பார்த்தார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை.

"இடுப்பு வலி யாருக்கு?"

மருதை இடுப்பைப் பிடித்துக்கொண்டே தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். "எனக்குத்தாங்க."

செவந்திலிங்கம் பாய்ந்து தம்பியின் கையைப் பற்றிக்கொண்டார். "பயப்படாதேடா, நாங்க வெளியிலயே இருக்கோம்."

அங்கமுத்து துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நர்ஸம்மாவிடம் பணிவாகச் சொன்னார்:

"தலைப்பிரசவம்ங்க. கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க."