கடைசி ரெண்டு ஓட்டம்

ஒரு ஊரிலே ஒரு குரு இருந்தாள், அவளுக்கு ஒரு சீடர் இருந்தார். குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்துநாலு.

குருவின் பெயர் பிருந்தா. வயலுக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டு மருந்தடிக்கச் சொல்லிக் கொடுப்பவள். சீடர் பெயர் நாச்சிமுத்து. முப்பது வருசம் முதுகில் டேங்க் கட்டிக்கொண்டு மருந்தடித்தவர். முதுகே இனிமேல் ஆகாது என்று சொல்லிவிட்ட பிறகு, தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்.

அந்த ஊர் மலைக் கணவாய்க்கு நேர் எதிரே இருந்தது. ஆடி பிறந்தால் மேற்கேயிருந்து காற்று வரும். காலை எட்டு மணி வரை சாதுவாக இருக்கும். அதற்கப்புறம் அதைப் பிடித்துக் கட்ட ஆளில்லை.

அன்றைக்குத்தான் நாச்சிமுத்து முதன்முதலாகத் தனியாக மருந்தடித்தார். துரைராசின் மக்காச்சோளம், மூன்று ஏக்கர், குருத்துக்குள்ளே படைப்புழு. கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் மயிலாத்தாளின் மல்பெரித் தோட்டம். அவள் தோட்டத்துக்குள்ளேயே மனை கட்டிப் பட்டுப்புழு வளர்ப்பவள். இந்தப் பக்கம் புழு சாக வேண்டும், அந்தப் பக்கம் புழு தின்று கொழுக்க வேண்டும். நடுவில் இருந்தது ஒரு கிளுவை வேலி.

ஆறு மணிக்கே முடித்திருக்க வேண்டிய வேலை. கரண்ட் வர ஏழரை ஆகிவிட்டது. கரண்ட் இல்லாமல் மோட்டார் ஏது, மோட்டார் இல்லாமல் மருந்து கலக்கத் தண்ணீர் ஏது? வேலியோரம் கடைசி ரெண்டு ஓட்டம் பாக்கி இருக்கும்போது, குச்சியில் கட்டியிருந்த ரிப்பன் எழுந்து கிழக்கே நீட்டி நின்றது.

நிறுத்தியிருக்கலாம். ரெண்டே ஓட்டம்தானே என்று கை சொல்லிவிட்டது.

வேலை முடிந்தது என்று திரையில் பச்சை எழுத்து வந்தது. நாச்சிமுத்து தலையைத் தூக்கினார். வேலிக்கு மேலே சாம்பிராணிப் புகை மாதிரி ஏதோ ஒன்று கலைந்தது. தாண்டிப் போய்க் கலைந்ததா, தாண்டாமலே கலைந்ததா?

மெஷினைக் கழுவினார். திரும்பவும் கழுவினார். நாலு தடவை போனை எடுத்து, நாலு தடவையும் மயிலாத்தாள் பெயர் வரைக்கும் போய் நிறுத்தினார். அப்புறம் மொபெட்டை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார்.

பயிற்சி மைதானத்தில் பிருந்தா ஒரு ட்ரோனின் உடைந்த விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னங்ணா, முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க டீச்சர்."

"எல்லாம் நல்லபடியா?"

"நல்லபடியாத்தானுங்க." உட்கார்ந்தார். எழுந்தார். "ஒரு சந்தேகமுங்க. மருந்து காத்துல எவ்வளவு தூரம் போகும்?"

"எந்த மருந்து? எந்தக் காத்து?"

"பொதுவாத்தான் கேக்கறனுங்க."

"பொதுவாக் கேக்கறவங்களுக்கு இப்படி வேர்க்காதுங்ணா."

பிருந்தா திருப்புளியைக் கீழே வைத்தாள். நாச்சிமுத்து எல்லாவற்றையும் சொன்னார். கரண்டிலிருந்து தொடங்கினார். சாம்பிராணிப் புகைக்கு வந்தபோது குரல் அடங்கிப் போயிருந்தது.

"புழு எந்தப் பருவமுங்க?"

"நாலாந்தோல் உரிச்சு அஞ்சு நாளாச்சு. மனைக்குள்ள மழை பேயற மாதிரி சத்தமுங்க. அப்படித் தின்னுது."

"அடுத்த எலை எப்பப் போடுவாங்க?"

"பதினொண்ணுக்கு."

மணி பத்தேகால்.

"அவங்ககிட்டச் சொல்லீட்டீங்களா?"

"என்னன்னுங்க சொல்றது? போச்சா இல்லையான்னு எனக்கே தெரியாதே. பல்லுப் போற வயசுல பொம்மை விட்டு விளையாடறான்னு ஊரே சிரிக்குதுங்க. ஒண்ணுமே ஆகாம இருந்து, நானாப் போய் வாயக் குடுத்தா, அப்புறம் எவன் தோட்டத்துக்குள்ள விடுவான்?"

பிருந்தா மறுபடி மணியைப் பார்த்தாள்.

"ஒரு வழி இருக்குங்க டீச்சர். வகுப்புல மஞ்ச அட்டை காட்டுனீங்களே, துளி பட்டா நீலமாகுமே, அது. இப்பவும் அதே காத்துதானே அடிக்குது? வெறுந்தண்ணி ஊத்தி அதே ரெண்டு ஓட்டத்தை ஓட்டிப் பாக்கலாம். அட்டை மஞ்சளாவே இருந்துச்சுன்னா..."

"இருந்துச்சுன்னா?"

"சொல்ல வேண்டியதில்லைங்களே."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டார். குரு உள்ளே போய் ஒரு பொட்டலம் எடுத்து வந்தாள். பன்னிரண்டு அட்டைகளை எண்ணி அவர் கையில் வைத்தாள்.

"நீங்க முன்னால போய் இதையெல்லாம் வெச்சிருங்க. நான் தண்ணி ஊத்திக்கிட்டு மெஷினோட வந்தர்றேன்."

நாச்சிமுத்துவுக்கு நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது. மொபெட்டில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"எங்கெங்கங்க வெக்கோணும்?"

"வரிசைக்கு ஒண்ணு. வேலியில இருந்து உள்ளாற பன்னெண்டு வரிசை."

"உள்ளாறன்னா... மயிலாத்தா தோட்டத்துக்குள்ளீங்களா?"

"வேற எங்க வெப்பீங்க?"

"அப்ப அவளைக் கேக்கோணுமே!"

"ஆமாங்ணா," என்று சொல்லிவிட்டு பிருந்தா குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனாள்.

நாச்சிமுத்து வேலிக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து முப்பத்தஞ்சு. மல்பெரியைப் பார்த்தார். வேலியோரம் மூன்று வரிசை மொட்டையாக நின்றது. மயிலாத்தாள் அறுத்து முடித்துக் கட்டும் கட்டிவிட்டாள். கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு மனையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

"மயிலு!"

அவள் கட்டோடு திரும்பினாள். ஊர் முறைக்கு நாச்சிமுத்து அவளுக்கு மாமன்.

"என்ன மாமா, பைலட் வேலை முடிஞ்சுதா? அங்கயே நில்லுங்க, நில்லுங்க! மருந்து வாசத்தோட வேலி தாண்டாதீங்க!"

புழு வளர்க்கிற தோட்டத்தில் அது சட்டம். மருந்தடித்த ஆள் குளித்து வேறு துணி மாற்றாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. நாச்சிமுத்து தூக்கிய காலைக் கீழே வைத்தார்.

"ஒண்ணுமில்ல அம்மிணி. இந்த அட்டைய உன்ற தோட்டத்துல வெக்கோணும்."

"என்ன அது, மக கல்யாணப் பத்திரிகையா?"

"ஒரு சோதனை."

"உங்க சோதனைய மத்தியானத்துக்கு மேல வெச்சுக்கங்க. புழுவெல்லாம் பசியில தலையத் தூக்கிட்டு நிக்குது."

அவள் திரும்பி நடந்தாள். மனை வாசலுக்கு அறுபது அடி இருக்கும். அவர் பின்னால் துரைராசும் இன்னும் இரண்டு பேரும் சோளத்து வரப்பில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மயிலாத்தாள் எட்டிப் போட்டு நடக்கிறவள். நாற்பது அடி. தலைக்கு மேலே இலைக்கட்டு ஆடி ஆடிப் போனது. முப்பது. கால் போகக் கூடாத இடம். குரல்தான் போக வேண்டும். அவள் மனை வாசலில் காலைக் கழுவக் குனிந்தாள்.

"மயிலு! அந்த எலையப் போடாத! மருந்து பட்டிருக்கும்!"

கட்டு கீழே விழுந்தது. வரப்பில் பேச்சு நின்றது.

அவள் பாதி தூரம் ஓடி வந்து நின்றாள்.

"எந்த மருந்து?"

"புழு மருந்து. காத்து எந்திரிச்சப்புறம் வேலியோரம் ரெண்டு ஓட்டம் ஓட்டிட்டேன்."

"எத்தனை வரிசை பட்டுது?"

"தெரியலை."

"பட்டுதுன்னாச்சும் தெரியுமா?"

"அதுவும் தெரியலை."

"ஒண்ணுமே தெரியாமயா இந்தக் கத்து கத்துனீங்க?"

"ஆமா அம்மிணி."

"காத்தாலயே அடிச்சு முடிச்சுட்டு, இத்தனை நேரம் எங்க போயிருந்தீங்க?"

அவர் கையிலிருந்த அட்டைகளைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

துரைராசு டீ டம்ளரைக் கவிழ்த்துவிட்டு வந்தார். "ஏய்யா, என்ற சோளத்துல நின்னுக்கிட்டு என்னையும் சேத்து மாட்டி விடறயா? நாளைக்கு அவ புழுவுக்குத் தும்மல் வந்தாலும் என்ற வாசல்ல வந்து நிப்பா. இனி அந்தப் பொம்மையத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வந்தறாத." கூட இருந்தவர்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மயிலாத்தாள் கையையும் அரிவாளையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கிழக்குக் கோடிக்கு ஓடினாள். அங்கே இலை இன்னும் முற்றவில்லை, இருந்தாலும் வேறு வழியில்லை. ஒற்றை ஆளாக அறுத்தாள், கட்டினாள், சுமந்தாள். நாச்சிமுத்து வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை பிடிக்கலாம் என்றால், அந்தக் கையில்தான் மருந்து.

கடைசியில் அவள் ஒரு முறத்தோடு வந்தாள். முறத்தில் பத்துப் புழு. கீழே விழுந்த கட்டிலிருந்து இலையைக் கிள்ளி அவற்றின் மேல் போட்டாள். முறத்தை வேலிக்கு வெளியே, அவர் காலடியில், நிழல் பார்த்து வைத்தாள்.

"இது பத்தும் இனி மனைக்குள்ள வராது. தின்னுதா, சாகுதான்னு உக்காந்து பாருங்க. எனக்கு நேரமில்லை."

பிருந்தா மெஷினும் தண்ணீருமாக வந்து சேர்ந்தாள். அறுத்த வரிசையைப் பார்த்தாள், வாசலில் கிடந்த கட்டைப் பார்த்தாள், முறத்தைப் பார்த்தாள். மெஷினை இறக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அட்டை வெக்கலைங்க டீச்சர்."

"பரவாயில்லைங்க."

பன்னிரண்டு மணி ஆனது. ஒரு மணி ஆனது. புழு இலையின் ஓரத்தைப் பிடித்து மேலிருந்து கீழாக அரைவட்டம் அரைவட்டமாகத் தின்றது. ஒன்று சற்று நின்றாலும் நாச்சிமுத்து மூச்சை நிறுத்தினார். அது மறுபடி குனிந்ததும் அவர் மூச்சு விட்டார். தேவை இல்லாமல் ஒரு ஈயை விரட்டினார். பிருந்தா கொண்டு வந்த சோற்றைப் பிரித்து அவரிடம் நீட்டினாள். அவர் தன் கையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினார்.

மூன்று மணிக்கு ஒன்பது புழு தின்றுகொண்டிருந்தது. ஒன்று மட்டும் தலையைத் தூக்கியது. தூக்கிய தலையை இறக்கவில்லை.

மயிலாத்தாள் வந்து குனிந்தாள். ஈர்க்குச்சியால் அதைத் தொட்டாள். அது அசையவில்லை.

"மருந்தா?" என்றார் நாச்சிமுத்து.

"மருந்தாவும் இருக்கும். நோவாவும் இருக்கும். தினம் ரெண்டு மூணு இப்படிப் பொறுக்கிக் கழிக்கறதுதான்."

"அப்ப இதுல என்னதான் தெரிஞ்சுது?"

"வேலியோரம் பன்னெண்டு வரிசைய இந்தப் புழு கூடு கட்டற வரைக்கும் நான் தொடமாட்டேன். அது தெரிஞ்சுது." முறத்தை எடுத்துக்கொண்டாள். "மிச்ச எலை ரெண்டு நாளைக்குப் பத்துமான்னு தெரியலை." நாலடி போய் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. "போய்க் குளிச்சுட்டு வேற வேட்டி கட்டிட்டு வாங்க மாமா. சோப்புப் போட்டு. கிழக்கால அறுக்க ஆள் வேணும்."

அவள் மனைக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து மழை பெய்கிற சத்தம் கேட்டது.

பிருந்தா எழுந்து புடவைத் தூசியைத் தட்டினாள். நாச்சிமுத்து உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். விரல்கள் தனித்தனியாக ஆடின.

"பாருங்க டீச்சர். கத்துனதுல இருந்து இப்படித்தானுங்க இருக்குது. தின்னுதுன்னு பாத்தப்புறமும் நிக்க மாட்டேங்குது."

குரு பார்த்தாள்.

"இந்தக் கைய வெச்சுக்கிட்டு ரிமோட்டை எப்படிங்க பிடிக்கறது? இந்த நடுக்கம் எப்பத்தான் போகும்?"

பிருந்தா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"போயிருச்சுன்னா வந்து சொல்லுங்ணா. ரிமோட்டை நான் வாங்கி வெச்சுக்கறேன்."

வண்டி போனது. நாச்சிமுத்து எழுந்தார். அப்புறம் கிணற்றடியைப் பார்த்து நடந்தார்.