இளவரசனுக்கு வந்த மஞ்சள் தேர்

ரொம்ப காலத்துக்கு முந்தி, மருதவளம் என்ற நாட்டைக் குமுதசேனன் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்ல மனசுக்காரன். ஆனால் பிடித்துப்போனால் தலையில் தூக்கி வைப்பான், கோபம் வந்தால் நாட்டைவிட்டே துரத்துவான். எது எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவனுக்கு ஒரு மகன் பிறந்தான். குழந்தையை வளர்க்க வடிவாள் என்ற செவிலி வந்தாள். குழந்தை விஷயத்தில் அவள் சொன்னால் ராஜாவும் மறுபேச்சு பேசமாட்டான். பண்டகசாலை அதிகாரி திருமேனியாருக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. தாலாட்டுப் பாட வந்தவளுக்கு இத்தனை செல்வாக்கா என்று பொருமினார்.

இளவரசனுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. திருமேனியார் சபையில் ஒரு பொம்மைத் தேரைக் கொண்டுவந்து வைத்தார். பளீரென்ற மஞ்சள் வர்ணம், சக்கரம் முழுக்கச் சிவப்புக் கல், கூரையைச் சுற்றிக் குட்டி மணிகள். ராஜா சொக்கிப்போனான். குழந்தை கையை நீட்டியது. வடிவாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"வேண்டாம் மகாராஜா. இது பிள்ளைக்கு ஆகாது."

திருமேனியார் இதற்குத்தான் காத்திருந்தார். "ஆறு மாதம் பக்கத்தில் நின்று செய்யவைத்தேன், பிரபு. வர்ணம்கூட என் கண்ணெதிரே அரைத்ததுதான். இதில் குறை இருந்தால் என் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இவள் அரண்மனையை விட்டுப் போகட்டும்."

"கேட்டாயா வடிவாள்?" என்றான் ராஜா. "குறையைக் காட்டு. இல்லாவிட்டால் பொழுது சாய்வதற்குள் மூட்டையைக் கட்டு."

குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. வடிவாள் கொஞ்சம் யோசித்தாள்.

"காட்டுகிறேன். ஆனால் பிள்ளையை வைத்துச் சோதிக்கக் கூடாது. ஒரு நாழிகை திருமேனி ஐயா பிள்ளையாக இருக்கட்டும். இளவரசர் செய்வதையெல்லாம் அவர் செய்யட்டும்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நியாயம்தான். தரையில் உட்காரும், திருமேனியாரே."

அவர் பட்டு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "முதலில் என்ன செய்வார்?"

"தூக்கி எறிவார்."

திருமேனியார் தேரைப் பூப்போல உருட்டிவிட்டார்.

"என் மகன் இப்படியா எறிவான்? ஓங்கி எறியும்" என்றான் ராஜா.

எறிந்தார். நாலைந்து சிவப்புக் கற்கள் தெறித்து உருண்டன. வடிவாள் தோட்டத்திலிருந்து சின்ன மூங்கில் குழாய் ஒன்றை வரவழைத்து, ஒரு கல்லை அதற்குள் போட்டாள். கல் பாதி வழியில் சிக்கிக்கொண்டது.

"பிள்ளையின் தொண்டை இவ்வளவுதான் இருக்கும். ஊதிப் பாருங்கள் மகாராஜா."

ராஜா ஊதினான். கன்னம் இரண்டும் உப்பியதே தவிர, அந்தப் பக்கம் துளிக் காற்று வரவில்லை. அவன் முகம் வெளுத்தது.

"கல்லை அரக்கு வைத்து இறுக்கிவிடலாம், பிரபு" என்றார் திருமேனியார் அவசரமாக.

"எறிந்ததைப் பிள்ளை திரும்ப எடுத்து வாயில் வைக்கும்" என்றாள் வடிவாள். "ஒரு தடவை நக்குங்கள் ஐயா."

திருமேனியார் தேரை உதடு வரைக்கும் கொண்டுபோனார். கீழே வைத்துவிட்டார்.

"என்ன ஆயிற்று?"

"அந்த மஞ்சள்... தாளகம் அரைத்தது, பிரபு."

தாளகம் விஷம் என்று சபையில் எல்லோருக்கும் தெரியும்.

"தெரிந்துதான் என் பிள்ளைக்குக் கொடுத்தீரா?"

"நக்கும் என்று தோன்றவில்லை, பிரபு. தங்கள் கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன்."

ராஜா அவரை அங்கேயே பதவியிலிருந்து நீக்கினான். பிறகு வடிவாளிடம் கேட்டான்: "பார்த்த மாத்திரத்தில் உனக்கு எப்படித் தெரிந்தது?"

"என் மூத்த பிள்ளை ஒரு புளியங்கொட்டை தொண்டையில் அடைத்துச் செத்துப்போனான், மகாராஜா. அதிலிருந்து பிள்ளை கைக்கு எட்டும் எல்லாவற்றையும், வாய்க்குள் போனால் என்ன ஆகும் என்றுதான் பார்க்கிறேன்."

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து, சபை பார்க்க அவளைக் கைகூப்பி வணங்கினான். இனி வடிவாள் சரி என்று சொல்லாத பொம்மை எதையும் நாட்டில் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டான்.

திருமேனியாருக்கும் ஒரு வேலை கொடுத்தான். பொம்மைக்காரர் தெருவில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அவர்தான் முதலில் நக்க வேண்டும். அவர் தயங்கிய பொம்மை கடைக்குப் போகாது. ஒரே வருஷத்தில் தாளகம் வாங்க ஆளில்லை. பொம்மைக்காரர்கள் மஞ்சள் கிழங்கை அரைக்க ஆரம்பித்தார்கள். திருமேனியார் நெடுநாள் ஆரோக்கியமாக வாழ்ந்தார். நாக்கு மட்டும் கடைசிவரை மஞ்சளாகவே இருந்ததாம்.