கைபடாத பந்து

ஆஸ்திரேலியாவின் செம்மண் கிராமங்களில் கோல்ஃப் ஆடிக்கொண்டே ஊர் சுற்றினார் மில் முதலாளி ரங்கதுரை. அவருக்கு வேன் ஓட்டியவன் பூபாலன். ஓர் ஊரில் பண்ணைக்காரி கிளெண்டா அவர்களை விருந்துக்கு அழைத்தாள். விருந்துக்கு முன் அவளுக்கும் ரங்கதுரைக்கும் ஒரு கோல்ஃப் பந்தயம் நடந்தது. மரத்தடியில் சிக்கிய பந்தை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் காலால் வெளியே தள்ளினார் ரங்கதுரை. பூபாலன் பார்த்துவிட்டான்.

"பந்து நகர்ந்திருக்கிறதே?" என்றாள் கிளெண்டா.

"என் டிரைவரைக் கேளுங்கள்!" என்றவர், "மாத்திச் சொன்னே, வேலை போயிடும்" என்று தமிழில் உறுமினார்.

பூபாலன் பணிவாகச் சொன்னான்: "சத்தியமாக எங்கள் முதலாளி பந்தைக் கையால் தொடவே இல்லை, மேடம்."

கிளெண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியானால் இடது காலாலா?"

"இல்லை, வல..." என்று நாக்கைக் கடித்துக்கொண்டார் ரங்கதுரை.

விருந்தில் முதல் தட்டு பூபாலனுக்குத்தான் வந்தது. தனக்காகச் சத்தியம் செய்தவனை என்ன சொல்லி வேலையை விட்டு நீக்குவது என்று முதலாளிக்குக் கடைசிவரை புரியவில்லை.